மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு மொபைல் செயலி: விலைப்புள்ளிகளில் ஏன் இவ்வளவு வேறுபாடு?

செக்கு வணிகர், காங்கேயம்:
வணக்கம். வாட்ஸ்அப்பில் வரும் எண்ணெய் ஆர்டர்களை நோட்டில் எழுதிச் சமாளிக்க முடியாத நிலை வந்துவிட்டதால், வாடிக்கையாளர்கள் தாங்களே ஆர்டர் கொடுத்துப் பணமும் செலுத்தும்படி ஒரு செயலி உருவாக்க எண்ணியுள்ளோம். தனியாகத் தொழில் செய்யும் ஒருவர் 70,000 ரூபாய் கேட்கிறார். கோவை நிறுவனம் ஒன்று 4,50,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கேட்கிறது. இரு விலைப்புள்ளிகளிலும் 'ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும்' என்ற ஒற்றை வரியைத் தவிர விவரம் இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு மேலும் செலவு வருமா?

செயலி உருவாக்குநர்:
அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது, ஐயா. 70,000 ரூபாய் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே செய்துவைத்த செயலியில் உங்கள் பெயரையும் லோகோவையும் மாற்றித் தருவதாக இருக்கும். அது தவறில்லை, ஆனால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் காண்பது பாதி வேலைதான். விலையை மாற்றவும், இருப்பைப் பார்க்கவும், ரத்தான ஆர்டருக்குப் பணம் திருப்பவும் உங்களுக்கென ஒரு அட்மின் பேனல் வேண்டும். அது இல்லையெனில், கடலை விலை ஏறும்போதெல்லாம் செயலியைச் செய்து தந்தவரைத்தான் அழைக்க வேண்டியிருக்கும். ஃபிளட்டர் போன்ற செயலி உருவாக்கும் கருவிகளில் ஒருமுறை எழுதிய நிரலே இரு வகைப் போன்களிலும் இயங்கும் என்பதால், இரண்டுக்கும் தனித்தனியே முழு விலை கேட்டால் காரணம் கேளுங்கள்.

செயலியை வெளியிடுவதற்கான கூகுள் பிளே கணக்குக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். இரண்டையும் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே தொடங்குங்கள். புதிதாகத் தொடங்கும் தனிநபர் கணக்கென்றால், 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகே செயலியை வெளியிடக் கூகுளிடம் விண்ணப்பிக்க முடியும். நிறுவனக் கணக்குக்கு அந்த நிபந்தனை இல்லை. எண்ணெய் போன்ற பொருளை விற்பதால் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் கமிஷன் தர வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் பணத்தை இணையவழி வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவைக்கான கட்டணம் மட்டும் உண்டு.

கணக்காளர்:
4,50,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 81,000. மொத்தம் 5,31,000 ரூபாய். சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறையான காம்போசிஷன் திட்டத்தில் நீங்கள் இருந்தால், அந்த வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டியிலிருந்து, கழிக்க முடியாது. வழக்கமான ஜிஎஸ்டி பதிவென்றால் முடியும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் ஊழியரல்லாத ஒருவர் எழுதிய சோர்ஸ் கோடு (செயலியின் மூல நிரல்), நீங்கள் பணம் கொடுத்ததாலேயே உங்களுடையதாகிவிடாது. அவர் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான உரிமை மாற்றம் தேவை. அதிலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே என்று சட்டம் கொள்ளும். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

இணையக் கடை நடத்துபவர்:
முன்னவர் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். செயலி ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையல்ல. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கேற்பக் கூகுள் ஆண்டுதோறும் நிபந்தனையை உயர்த்துவதால், பராமரிப்புக்கும் சர்வருக்கும் ஓடிபி குறுஞ்செய்திக்கும் ஆண்டுதோறும் செலவு வந்துகொண்டே இருக்கும். உங்கள் ஆர்டர் அளவுக்கு முதலில் ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்பது என் கருத்து. ஐபோன் வாடிக்கையாளர்கள் போனிலேயே திறக்கும் இணையதளத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

செக்கு வணிகர், காங்கேயம்:
மிக்க நன்றி. அட்மின் பேனல், ஓராண்டுப் பராமரிப்பு, சோர்ஸ் கோடு உரிமை மூன்றையும் தனித்தனி வரியாகக் காட்டி மறுபடி விலைப்புள்ளி தருமாறு இருவரிடமும் கேட்டிருக்கிறேன். ஐபோனை இப்போதைக்கு விட்டுவிட்டோம்.