வீடியோ பார்த்து வந்த கருத்தை எத்தனை நாள் ஆறப்போடுவது?

பனியன்காரன்:
திருப்பூரில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கிற இடம்) சூப்பர்வைசராக இருக்கிறேன். 2023 ஜனவரியில் வந்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? வடமாநிலத் தொழிலாளர்கள் கூட்டமாக உள்ளூர்க்காரர்களை விரட்டுவது போல. எங்கள் ஊர்தான். பார்த்ததும் கொதித்துப்போய் ஐந்து குரூப்பில் தள்ளினேன், "இனி இவனுங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்காதீங்க" என்று கீழே ஒரு வரியும் சேர்த்து. அப்புறம் போலீஸ் விசாரித்து, டீக்கடையில் சிகரெட் புகையால் வந்த தகராறு என்றார்கள். அந்த விளக்கத்தை என் குரூப்பில் ஒருத்தரும் போடவில்லை, நானும் போடவில்லை.

மார்ச்சில் இதே கதை எதிர்த்திசையில் ஓடியது. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள். ஒன்று பீகார்க்காரர்களுக்குள்ளேயே நடந்த அடிதடி, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது என்று அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அதற்குள் என் லைனில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பீகார்ப் பையன் போனோடு வந்து நின்றான். "அண்ணா, அம்மா அழுவுது, ஊருக்கு வா சொல்லுது." பொய்டா அது, நம்பாதே என்றேன். சொல்லும்போதே ஜனவரியில் நான் அனுப்பியது ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் பேச வாய் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எது வந்தாலும் ஏழு நாள் கருத்து சொல்வதில்லை. சரிதானே?

ரெண்டாம்ஷிப்ட்:
சரியில்லை அண்ணே. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் 2017 ஜனவரி 17 கூட்டம் சேர ஆரம்பித்தது, 23ஆம் தேதி சட்டசபையில் மசோதா நிறைவேறிவிட்டது. நீங்கள் 24ஆம் தேதி வந்து "நான் என்ன நினைக்கிறேன் என்றால்" என்று ஆரம்பித்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான், எந்தக் கட்சி மேடையும் இல்லை.

இன்னொன்று. வீடியோ பொய் என்று தெரிந்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டு, பிரச்சினையே பொய் என்று மூடிவிட்டீர்கள். நான் சிங்கர் டைலர். சம்பள ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற கூலி எங்கள் சந்துக்குள் வருவதே இல்லை, கான்ட்ராக்டர் சொல்வதுதான் பீஸ் ரேட் (ஒரு உருப்படி தைக்கக் கூலி), எதிர்த்துக் கேட்டால் ஒரிசாவிலிருந்து ஆள் வருகிறது பார் என்பார். எனக்கு இந்தக் கோபம் எந்த வீடியோவும் பார்த்து வந்ததில்லை.

பனியன்காரன்:
தம்பி, அந்தக் கோபம் கான்ட்ராக்டர் மேல் போக வேண்டியது. வீடியோ அதை ஓவர்லாக் பையன் மேல் திருப்பிவிட்டது. நான் சொல்வது அவ்வளவுதான்.

ஓரமாநிற்பவன்:
எல்லாக் கட்சி ஐடி விங்கும் ஒன்றுதான். எதையும் நம்பாமல் இருந்துவிட்டால் நிம்மதி.

கணக்குடீச்சர்:
இது சோம்பேறித்தனம் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாமே பொய் என்பதற்கும் எல்லாவற்றையும் நம்புவதற்கும் ஒரே அளவு உழைப்புதான், அதாவது பூஜ்யம்.

எங்கள் வீட்டுக் கதை சொல்கிறேன். தொகுதி மறுவரையறை, அதாவது மக்கள்தொகையைப் பார்த்து லோக்சபா தொகுதிகளை மாநிலங்களுக்குத் திரும்பப் பிரிப்பது. 2025 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் தமிழ்நாட்டுக்கு எட்டுத் தொகுதி போகும் என்றார். 2025 பிப்ரவரி 26 கோவையில் அமித் ஷா, விகிதாச்சாரப்படி பிரித்தால் தென் மாநிலங்களுக்கு ஒரு தொகுதிகூடக் குறையாது என்றார். வீட்டுக்காரர் ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி, சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே போனை நீட்டி நீட்டிச் சண்டை. யார் பொய் சொல்கிறார் என்பதுதான் ரெண்டு பேருக்கும் கேள்வி. நான் பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

இப்போது 543இல் நமக்கு 39. அதாவது 7.2 சதவீதம். மொத்தத்தை மாற்றாமல் மக்கள்தொகைப்படி பிரித்தால் 39 என்பது 31 ஆகும், ஸ்டாலின் சொன்ன எட்டு இதுதான். மொத்தம் 848 ஆனால், இப்போதைய பங்குப்படி 22 கூடி 61 வரவேண்டும், மக்கள்தொகைப்படி என்றால் 10தான் கூடும் என்பது அவர் சொன்ன இன்னொரு கணக்கு. 848இல் 49 என்றால் 5.8 சதவீதம். இப்போது பாருங்கள், தொகுதி ஒன்றுகூடக் குறையவில்லை, பத்து கூடியிருக்கிறது, ஆனால் பலம் குறைந்துவிட்டது. ரெண்டு பேர் சொன்னதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்! கேட்க வேண்டியது, விகிதாச்சாரம் என்கிறீர்களே, எதன் விகிதம், இன்றைய பங்கா மக்கள்தொகையா என்று. அதை அன்று சாப்பாட்டு மேஜையில் இருந்த எந்தப் போனும் கேட்கவில்லை. 1976இல் 42வது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு தொகுதி எண்ணிக்கையை ஏன் நிறுத்தி வைத்தது, 84வது திருத்தம் அதை ஏன் 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது என்பதும் (குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலம் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்பதற்காகத்தான்) இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. எனக்கு ஏழு நாள் ஆகவில்லை, ஒரு சாயங்காலம்தான்.

ரெண்டாம்ஷிப்ட்:
டீச்சர், அருமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகனும் சாரும் கத்தாமல் இருந்திருந்தால் அந்த நோட்டை எடுத்திருப்பீர்களா? 1967 தேர்தலுக்கு முன்பு நமக்கு 41 தொகுதி இருந்தது, ரெண்டு போய்விட்டது என்பதே எனக்கு யாரோ ட்விட்டரில் கெட்ட வார்த்தையோடு எழுதினதைப் பார்த்துத்தான் தெரியும். பாடப் புத்தகத்தில் படித்த ஞாபகம் இல்லை. இரைச்சல் இரைச்சல் என்கிறீர்கள், நாங்கள் பேசுவதற்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? பத்திரிகையில் டைலருக்கு யார் பத்தி கொடுப்பார்?

கணக்குடீச்சர்:
எடுத்திருக்க மாட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கத்தினவர்கள் ரெண்டு பேரும் என் நோட்டை இன்றுவரை திறந்து பார்க்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பனியன்காரன்:
டீச்சர் விஷயம் வேறுங்க. அதற்குச் சட்டம் இருக்கிறது, எண் இருக்கிறது, உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். டீக்கடை அடிதடிக்கு என்ன கணக்குப் போடுவது? யாராவது விசாரித்துச் சொல்லும்வரை காத்திருப்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை.

ரெண்டாம்ஷிப்ட்:
காத்திருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் போலீஸ் விளக்கம் வந்த பிறகு அதே ஐந்து குரூப்பில் நீங்கள் ஒரு வரி போட்டிருக்கலாம். அதற்கு ஏழு நாள் தேவையில்லை.

பனியன்காரன்:
அது தப்புதான்.

ரெண்டாம்ஷிப்ட்:
அந்தப் பையன் என்ன ஆனான்?

பனியன்காரன்:
ஹோலிக்கு ஊருக்குப் போனான். இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். மே மாதம் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான், இப்போது ரெண்டு பேரும் என் லைனில்தான்.

ரெண்டாம்ஷிப்ட்:
பீஸ் ரேட்?

பனியன்காரன்:
அதேதான்.