தோலில் செதுக்கிய மயிலின் நிறம் உரிகிறது

டைரி உறைக்காக மாட்டுத்தோலில் மயில் செதுக்கினேன். சென்னை பெரியமேட்டில் வாங்கிய 2 மி.மீ. தோல், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. (முதலில் குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலில் முயன்று, அழுத்திய கோடெல்லாம் மறுநாளே மறைந்துபோனது தனிக்கதை.) இதில் செதுக்கல் அருமையாக நிற்கிறது, இறகின் சொரசொரப்புக்கூட அப்படியே இருக்கிறது.

சிக்கல் நிறத்தில்தான். அக்ரிலிக் பெயின்ட் அடித்து பத்து நாள் ஆகிறது. உறை மடியும் முதுகுப்பக்கத்தில் நீலமும் பச்சையும் வெடித்து, நகம் பட்டாலே செதிலாக உரிகின்றன. சாயம் தடவிய கறுப்புக் கோடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய நிறத்தைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, தண்ணீர் கலந்து மெல்லிசாக மூன்று பூச்சு, 2 நாள் காயவிட்டும் அதே கதிதான். அப்புறம்தான் உறைத்தது: பெயின்ட் அடிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். எண்ணெய் படாத துண்டுத்தோலில் அதே பெயின்ட்டை அடித்துப் பார்த்தேன். எத்தனை முறை மடித்தாலும் உரியவில்லை.

செதுக்கல் கெடாமல் அந்த எண்ணெயைத் தோலிலிருந்து வெளியே எடுக்க வழி உண்டா?