ஹெட்போனில் இருந்த பாஸ் மேடையில் காணாமல் போன இரவு

கருங்கல் ஐந்து கம்பி:

போன மாதம் நடந்தது. இன்னும் மனசில் கிடந்து அறுக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கடலோர ஊர் ஒன்றில் பத்தாம் திருவிழா, ராத்திரி கானமேளா. நான் ஐந்து கம்பி பாஸ் கிட்டார் வாசிக்கிறவன். வழக்கமாகக் கொண்டு போகும் ஆம்பைத் தூக்கவில்லை. ஆம்ப், ஸ்பீக்கர் சத்தங்களை உள்ளேயே போலச் செய்து தருகிற பெட்டி, புதிதாக வாங்கிய பிராசஸர், அது மட்டும்தான் பையில். மூன்று வாரமாக வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பேட்ச், அதாவது சேமித்து வைக்கிற ஒரு சத்த அமைப்பு, செய்து வைத்திருந்தேன். பழைய டியூப் பாஸ் ஆம்ப் மாடல், எட்டு ஸ்பீக்கர் கேபினட், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்த லேசாகக் கம்ப்ரஸர், அடிச்சத்தம் இருக்கிற 60 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகத் தூக்கல். ஐந்தில் தடித்த பி கம்பியைத் தட்டினால் நெஞ்சுக்குள் இறங்கும். அவ்வளவு பிடித்திருந்தது.

மேடைக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு பதினெட்டு இஞ்ச் சப், அடிச்சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர். முதல் பாட்டில் பி கம்பியில் கை வைத்தேன். பலகை மேடை. பாடகர் முன்னால் ஸ்டாண்டில் இருந்த பாட்டு நோட்டு மெல்ல நகர்ந்தது, இன்னும் நகர்ந்தது, கீழே விழுந்தது. அவர் பாடிக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தார். வால்யூமைக் குறைத்தேன். குறைத்ததும் ஒன்றுமே இல்லை. இரண்டரை மணி நேரம் விரல் ஓடுகிறது, எந்த நோட் என்று எனக்கே கேட்கவில்லை. ஃப்ரெட்டைப் பார்த்துப் பார்த்து வாசித்து முடித்தேன்.

பாஸைப் பைக்குள் வைத்து மூடிவிட்டுக் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் வந்தார். முன்வரிசையில் கடைசிப் பாட்டு வரை இருந்தவர். "மக்ளே, பாஸ்காரன் இன்னைக்கு வரல்லியா?" என்று கேட்டார்.

வரல்ல என்று சொல்லிவிட்டேன்.


தக்கலை ரிதம்:

உங்களுக்குச் சத்தம் காணாமல் போனது. எனக்கு அதற்கு நேர் எதிர்.

வாலிபர் கூடுகை ஒன்றில் லீட் கிட்டார் வாசித்தேன். வீட்டில் பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் ஆம்பில் சொருகித்தான் பழக்கம். அதனால் பிராசஸரின் அவுட்புட்டைக் காம்போ ஆம்ப் என்று வைத்திருந்தேன். அப்படி வைத்தால், ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்கிற கேபினட் மாடல் அணைந்துவிடும், தெரியும்தானே. அன்று ஆம்ப் இல்லை, நேரே மிக்சர். சோலோவுக்கு, சத்தத்தை முரடாக்குகிற டிஸ்டார்ஷனை மிதித்தேன். ரப்பர் தடி அறுக்கிற மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. முன்னால் ஒரு அஞ்சு வயசுப் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்தது. எட்டு பார் சோலோவை நாலாவது பாரில் நிறுத்திவிட்டேன். மீதியைக் கீபோர்டுத் தம்பி எடுத்து வாசித்தான். அந்தப் பிள்ளை முகம்தான் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் தருவதில்லை. டிஸ்டார்ஷனின் முரட்டு மேல்சத்தத்தை வடிகட்டித் தருவதே அதுதான். மேடை பாக்ஸில் உச்சச் சத்தத்துக்கென்று இருக்கிற ஹார்ன் எல்லாவற்றையும் அப்படியே வெளியே கொட்டிவிடும். நான் மாற்ற மறந்தது மெனுவில் ஒரே ஒரு வரி. இப்போது ஆம்புக்கு ஒன்று, மிக்சருக்கு ஒன்று என்று இரண்டு பேங்க், அதாவது பேட்ச் தொகுப்பு, தனித்தனியாக வைத்திருக்கிறேன்.


கோட்டாறு பழைய ஆம்ப்:

தம்பிமாரே, இரண்டு பேரும் ஆம்ப் கொண்டு போயிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. மனசு நோகச் சொல்லவில்லை, முப்பது வருசம் மேடையில் நின்றவன் சொல்கிறேன்.

எனக்கும் இந்தப் பெட்டிகள் புதிதில்லை. 1998-ல் லைன் 6 கம்பெனி போட் என்று ஒன்று கொண்டுவந்தது. சிவப்பு நிறம், அவரைக்கொட்டை மாதிரி வடிவம். வளைகுடாவிலிருந்து வந்த கூட்டாளி ஒருவர் கொண்டுவந்து காட்டினார். உள்ளங்கை அளவு பெட்டிக்குள் இத்தனை ஆம்பா என்று வாயடைத்துப் போனேன். அப்புறம் நானும் ஒரு பிராசஸர் வாங்கினேன், பாதி விலைக்கு விற்கவும் செய்தேன். விற்கக் காரணம் ஒரே ஒரு ராத்திரி.

ஒரு மாதா பாட்டு, அமைதியான பாட்டு. இரண்டாவது சரணத்தில் கரண்ட் போனது. முழு இருட்டு. டிரம்ஸ் தம்பி நிறுத்தவில்லை, தாளம் மட்டும் போகிறது, ஜனம் கூடவே கை தட்டுகிறது, பின்னால் கடல் சத்தம். அவ்வளவு அழகான ஒரு நிமிசம். ஜெனரேட்டர் பிடித்தது, லைட் வந்தது. யு.பி.எஸ்.ஸில் இருந்த மிக்சரும் கீபோர்டும் அப்படியே நிற்கின்றன. பாடகி பல்லவியை எடுத்துவிட்டார். என் பிராசஸர் திரையில் கம்பெனி பெயர் வந்தது, கீழே ஒரு கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. நான் பொறுமையாக நின்றேன். நிறைந்ததும் கம்பியில் கை வைத்தேன். பெட்டி முதல் பேட்ச்சுக்குப் போய் நின்றிருக்கிறது. அது லீட் பேட்ச், முழு டிஸ்டார்ஷன். மாதா பாட்டுக்கு நடுவில் இடி விழுந்த மாதிரி ஆனது. அந்தப் பாடகி ஒரு வார்த்தை என்னிடம் கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இன்னொன்று: டிஜிட்டல் என்றால் விரலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கத்தான் செய்யும். என் கைக்கு அது தெரியும்.


மார்த்தாண்டம் ஆறு கம்பி:

தாமதம் பற்றி அப்புறம் சொல்கிறேன். என்னுடையது வேறு ரகம். ஒவ்வொரு கம்பியின் அதிர்வையும் தனித்தனியாக எடுக்கிற பிக்கப் உள்ள, வேறு வாத்தியங்களைப் போல ஒலிக்கிற மாடலிங் கிட்டார் வைத்திருக்கிறேன். ஒரு குமிழைத் திருப்பினால் அக்கவுஸ்டிக், பன்னிரண்டு கம்பி, சித்தார் எல்லாம் வரும். முறுக்காணியைத் தொடாமலே சுருதியையும் இறக்கலாம்.

ஒரு வீட்டு ஜெபக் கூட்டம். அடுத்த அறையில் உடம்பு சரியில்லாத பாட்டி ஒருவர் படுத்திருந்தார், அதனால் சின்ன ஸ்பீக்கர், ரொம்பக் குறைந்த சத்தம். பாடுகிற அக்காவுக்காகச் சுருதியை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கி வைத்தேன். அக்கா எனக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் இருந்தார். பாட ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்து நிறுத்தினார். அப்புறம் என் காதோரம், "தம்பி, எதுல பாடட்டும்? ரெண்டு கேக்குது" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கரில் டி, என் கையில் இருக்கிற நிஜக் கம்பியில் ஈ. மேடையில் இது யாருக்கும் கேட்காது. ஒரு சின்ன அறையில், பக்கத்தில் இருப்பவருக்குக் கம்பியின் சொந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். அந்த ராத்திரி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அந்த வீட்டுப் பையனின் சாதா கிட்டாரை வாங்கி கம்பியை இறக்கி வாசித்தேன்.

இப்போது தாமதம். கோட்டாறு அண்ணன் இரண்டு விசயத்தை ஒன்றாகப் போடுகிறார் என்று நினைக்கிறேன். கிட்டாரில் வாசித்ததை மிடியாக, அதாவது எந்த நோட் என்கிற தகவலாக, மாற்றி சிந்தசைசரை ஓட்டுகிற பெட்டி ஒன்று உண்டு. அது என்ன நோட் என்று கண்டுபிடிக்கக் குறைந்தது ஓர் அலை முழுசாக வந்து சேர வேண்டும். பாஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஓர் அலைக்கே 24 மில்லி செகண்ட். பி கம்பி 31 ஹெர்ட்ஸ், 32 மில்லி செகண்ட். அந்தத் தாமதம் யார் கைக்கும் தெரியும். மாடலிங் அப்படி நோட்டைத் தேடுவதே இல்லை. கம்பியின் அதிர்வையே எடுத்து உருமாற்றுகிறது. ரோலண்ட் கம்பெனி 1995-ல் விஜி-8 என்ற மாடலிங் பெட்டியைக் கொண்டுவந்தபோதே வழி இதுதான்: ஆறு கம்பிக்கும் தனித்தனி காந்தப் பிக்கப், 13 பின் கேபிள், உள்ளே கணக்கு. தவிர, இரும்புக் கம்பிக்கு மட்டுமே அந்தக் காந்தப் பிக்கப் வேலை செய்யும், நைலானுக்கு ஆகாது. நைலானுக்கு, கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜில் அதிர்வை உணர்கிற பீசோ வைத்ததுதான் வேண்டும்.


திங்கள்சந்தை மிக்சர்:

நான் வாசிக்கிறவன் இல்லை, சவுண்ட் போடுகிறவன். என் கதை இரண்டு வரிதான். ஒரு லீட் தம்பி இடம் வலம் மாறி மாறி எதிரொலிக்கிற ஸ்டீரியோ டிலே போட்டு அழகாகச் செய்துகொண்டு வந்தான். கேபிளை வலது ஜாக்கில் மட்டும் சொருகியிருந்தான். பாதி எதிரொலி ஜனத்துக்குப் போகவே இல்லை, பாட்டு முழுக்கத் தத்தித் தத்தி நடந்தது. பாட்டு முடியும் வரை நான் கேபிள் மோசம் என்று நினைத்து அதையே ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கருங்கல் தம்பி, ஆப்பரேட்டரை நீங்கள் குறை சொல்லவில்லை, அதற்கு நன்றி. ஆனால் அன்று யாராவது பகலிலேயே சொல்லியிருக்க வேண்டிய விசயம் கொஞ்சம் இருக்கிறது, கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிச்சத்தமும் உச்சியும் குறைவாகத்தான் கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933-லேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டினார்கள். ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்துச் செய்கிற பேட்ச்சில் அதனால்தான் எல்லாரும் 60 ஹெர்ட்ஸைத் தூக்குகிறார்கள், நடுவைக் குடைந்து எடுக்கிறார்கள். அதை எட்டு சப்பில் போட்டால் பலகைதான் ஆடும். ஜனம் பாஸை எந்த நோட் என்று அடையாளம் காண்பது அடிச்சத்தத்தை வைத்து இல்லை, அதற்கு மேலே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஹெர்ட்ஸில் கூடவே வருகிற சத்தங்களை வைத்து. விரல் கம்பியில் படுகிற சத்தம் 700-லிருந்து 1,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதை நீங்கள் வீட்டிலேயே வெட்டிவிட்டால் என் மிக்சரில் எந்தக் குமிழைத் திருப்பியும் கொண்டுவர முடியாது. இல்லாததை நான் எங்கிருந்து தூக்குவேன்?

40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி வையுங்கள். பி கம்பி போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அதன் இரண்டாம் மடங்கு 62-ல் நிற்கிறது, காது மீதியை நிரப்பிக்கொள்ளும். டிஸ்டார்ஷன் வேண்டும் என்றால் பாஸை இரண்டாகப் பிரியுங்கள்: அடிப்பாகம் சுத்தமாக, மேல்பாகம் மட்டும் டிஸ்டார்ஷன். இப்போது வருகிற பிராசஸர்கள் பலவற்றில் இது உண்டு. எல்லாப் பேட்ச்சும் ஒரே வால்யூமில் இருக்கட்டும். லீட் மட்டும் கொஞ்சம் மேலே. ஒரே கேபிள் என்றால் மோனோ என்று எழுதியிருக்கிற ஜாக்கில்தான் சொருக வேண்டும். நடுவில், பிராசஸரை மிக்சரோடு ஒழுங்காக இணைக்கிற ஒரு டி.ஐ. பாக்ஸ் கட்டாயம். இரைச்சல் வந்தால் சிக்னல் கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்க அதில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, மைக்குக்காக மிக்சர் அனுப்புகிற 48 வோல்ட் தெரியாமல் வந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. தடுத்துவிடும். கடலோர ஊர்க்காரர்கள் ஜாக்குகளை மாதம் ஒரு தடவையாவது கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடையுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

கோட்டாறு அண்ணன், சத்தம் ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். நல்ல பிராசஸரின் தாமதம் இரண்டு மூன்று மில்லி செகண்ட். நீங்கள் உங்கள் ஆம்பை விட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அதே தாமதம்தான். முப்பது வருசமாக அதில்தான் வாசிக்கிறீர்கள். கரண்ட் விசயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்கு வழி உண்டு. பாஸ் (Boss) கம்பெனியின் ஜிடி-1 மாதிரி சின்னப் பெட்டிகள் நாலு பென்சில் பேட்டரியில் ஓடும். முதலிலிருந்தே பேட்டரியில் ஓடட்டும். பெரிய பெட்டி என்றால் என் யு.பி.எஸ்.ஸில் ஒரு பிளக் கேளுங்கள். எந்த ஆப்பரேட்டரும் மாட்டேன் என்று சொல்லமாட்டான்.


குளச்சல் குரலும் கிட்டாரும்:

கிரவுண்ட் லிஃப்ட் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஐப்பசி மழை, தரை ஈரம், செருப்பில்லாமல் நின்றேன். இடது கை கம்பியில். பாட வாயைக் கொண்டுபோய் மைக்கில் உதடு பட்டது. சுளீர் என்று ஒரு அடி, கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று. பின்னால் விழாமல் டிரம்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். பிராசஸர் ஒரு பிளக்கில், மிக்சர் வேறு பிளக்கில், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பெட்டி.

இரைச்சலுக்காக யாரும் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். டி.ஐ. பாக்ஸ் சுவிட்ச் வேறு, பிளக் எர்த் வேறு. எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது அப்போது. இப்போதெல்லாம் பாடுவதற்கு முன் மைக்கில் புறங்கையைத் தொட்டுப் பார்க்காமல் உதட்டைக் கொண்டு போகமாட்டேன்.


கோட்டாறு பழைய ஆம்ப்:

ஒரு மீட்டர் கணக்கை இதற்கு முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் ஆம்ப் காற்றைத் தள்ளுகிறது பாருங்கள், அது மானிட்டர் பாக்ஸிலிருந்து வராது. அதை மட்டும் விடமாட்டேன். குளச்சல் தம்பி, கவனமாக இரு.


கருங்கல் ஐந்து கம்பி:

திங்கள்சந்தை அண்ணன் சொன்னதை அப்படியே செய்தேன். போன சனிக்கிழமை வேறோர் ஊரில் நிகழ்ச்சி. சாயங்காலம் நாலு மணிக்கே போய், ஆப்பரேட்டரிடம் சொல்லி, சப்புக்கு முன்னால் மண்ணில் நின்றே பேட்ச்சை மாற்றினேன். 60-ஐ இறக்கினேன், 40-க்குக் கீழே வெட்டினேன், 800 பக்கம் கொஞ்சம் தூக்கினேன். ஹெட்போனில் கேட்டால் தகரம் மாதிரி இருக்கிறது. மேடையில் கிக் டிரம் ஒரு பக்கம், என் விரல் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாகக் கேட்டது. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் தம்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினான்.

அந்தக் கடலோர ஊரில் அடுத்த வருசத்துக்கும் எங்களையே பேசியிருக்கிறார்கள். அதே பாஸைத்தான் கொண்டு போவேன். முடிந்ததும் பைக்குள் வைக்கமாட்டேன். பெரியவர் வருகிற வரை கழுத்திலேயே கிடக்கட்டும்.