புதுப்பிப்பு: ஸ்வே பார் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்தாச்சு

நான் கேட்டிருந்தது இதுதான்: 2.5 இஞ்ச் லிஃப்ட் போட்டு உயர்த்திய வண்டி, முன்னும் பின்னும் ஒரே தண்டு ஆக்ஸில். முன் ஸ்வே பாரை (வளைவில் வண்டி அதிகம் சாயாமல் இருக்க இடது, வலது சக்கரப் பக்கங்களை இணைக்கும் கம்பி) அடியோடு கழற்றிவிடலாமா, டிஸ்கனெக்ட் லிங்க் (பாரை வேண்டும்போது கழற்றி மாட்ட உதவும் இணைப்பு) போடலாமா, மெலிசான பாருக்கு மாறலாமா?

முதலில் கழற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். தார் ரோட்டில் திடீரென்று ஒதுங்க வேண்டியிருந்தபோது வண்டி சாய்ந்த சாய்வில் அந்த ஆசை போச்சு. மெலிசான பார் நல்ல யோசனைதான். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் 30 மி.மீ-ஐ 27 ஆக்கினாலே விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் பாறையில் அதுவும் சக்கரத்தை இறங்கவிடாமல் கொஞ்சம் பிடித்து இழுக்கும்.

கடைசியில் முன்பக்கம் மட்டும் டிஸ்கனெக்ட் லிங்க். பின்பக்கத்தைத் தொடவில்லை. லிஃப்டுக்கு ஏற்ப நீளமான லிங்க் வாங்கினேன். வண்டி நிற்கும்போது பாரின் கைகள் கிட்டத்தட்ட கிடையாக இருக்கணும்.

பாறையில் முன்பு அந்தரத்தில் தொங்கிய இடது முன்சக்கரம் இப்போது தரையை விடுவதே இல்லை. சொதப்பலும் நடந்தது. சரிவில் நிறுத்தி லிங்க்கை மாட்டப் பார்த்தேன், இருபது நிமிஷம் தட்டியும் லிங்க்கைப் பூட்டும் பின் (pin) ஏறவில்லை. சமதளத்துக்கு நகர்த்தியதும் விரலாலேயே உள்ளே போச்சு! கழற்றிய பாரை மேலே தூக்கிக் கட்டவும் மறந்திருந்தேன், டயரின் உள்பக்கம் உரசிய தடம் இன்னும் இருக்கு.

சக்கரம் முழுசாக இறங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்குதா என்று ஜாக்கி போட்டுப் பார்த்தேன். ஒரு விரல் அளவு தளர்வு மிச்சம்.