தாத்தா வீட்டுக் குழு: கார்த்திக்கு எந்த கோர்ஸ்?

வாணி: செல்வம் அண்ணா, கார்த்தி டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு வீட்டில்தானே இருக்கிறான், ஒரு இன்ஸ்டிடியூட்டில் இருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. பத்தே நாளில் என்டிடி, அதாவது பொருளை உடைக்காமலே குறை இருக்கிறதா என்று சோதிக்கிற படிப்பு, அதில் லெவல் டூ என்ற இரண்டாம் நிலைத் தகுதி, ஐந்து சோதனை மெத்தட், சர்ட்டிபிகேட், வளைகுடா வேலை என்று போட்டிருக்கிறார்கள். நாளைக்குள் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?

மீனா: அது எக்ஸ்ரே வேலைதானே அக்கா? ரேடியேஷன் என்பார்களே, கல்யாணம் ஆகாத பையன், வேண்டாம்.

செல்வம்: அவசரப்படாதே வாணி. மீனா, எக்ஸ்ரே அதில் ஒன்று, அவ்வளவுதான். யூடி என்று போட்டிருக்கும் பார், அல்ட்ராசானிக், அது வெறும் ஒலி. வயிற்றில் ஜெல் தடவி ஸ்கேன் எடுத்தார்களே உனக்கு, அதே சங்கதிதான், இங்கே வயிற்றுக்குப் பதில் இரும்பு.

கார்த்தி: இரும்புக்கு எதுக்கு மாமா ஜெல்?

செல்வம்: ஒலியை அனுப்பி வாங்குகிற ப்ரோபுக்கும் இரும்பு பிளேட்டுக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, அப்படியே திரும்பிவிடும். அதனால் எண்ணெயோ கிரீஸோ தடவுவோம், கப்ளன்ட் என்று பெயர். இதே குணத்தை வைத்துத்தான் வெடிப்பையும் பிடிக்கிறோம், வெல்டுக்குள் இடைவெளி இருந்தால் அங்கே மோதித் திரும்பும், திரும்ப எடுத்த நேரத்தில் தூரம் தெரிந்துவிடும். எஃகில் நேர் அலை வினாடிக்கு சுமார் 5,920 மீட்டர் ஓடும், 25 மி.மீ. பிளேட்டின் அடிவரை போய்த் திரும்ப எட்டரை மைக்ரோ வினாடிகூட ஆகாது.

கார்த்தி: அப்போ மெஷினே காட்டிவிடும், பார்த்து எழுதினால் போதுமே. பத்து நாளே அதிகம்.

செல்வம்: படம் வராதுடா. சாதாரண மெஷினில் ஒரு கோடு, அதில் முள் முள்ளாக எழும். அது வெடிப்பா, இல்லை வெல்டின் அடிப்பக்க மேட்டில் பட்டு வந்ததா என்று நீதான் சொல்ல வேண்டும். வெல்டு மேடாக இருப்பதால் அதன்மேல் ப்ரோப் உட்காராது, பக்கத்துப் பிளேட்டில் வைத்து 45, 60, 70 டிகிரியில் சாய்வாக அனுப்புவோம். 25 மி.மீ. பிளேட், 60 டிகிரி. அடியில் பட்டு மேலே வந்து சேரும் இடம் எவ்வளவு தள்ளி?

கார்த்தி: 2 × 25 × டேன் 60. 86.6 மி.மீ.

செல்வம்: சபாஷ், அதுதான் ஒரு ஸ்கிப். பேப்பரில் அரை நிமிஷம். ஆனால் ப்ரோப் தேய்ந்து கோணம் மாறியிருக்கும், வேலை தொடங்கும் முன் வி1 பிளாக் என்ற அளவு தெரிந்த எஃகுக் கட்டையில் வைத்துச் சரிபார்க்கத் தெரிய வேண்டும், அப்புறம் பெயின்ட், துரு, கை அழுத்தம். இதெல்லாம் நோட்ஸில் வராது.

வாணி: அண்ணா, கட்டலாமா வேண்டாமா?

செல்வம்: நீயே கணக்குப் பார். எங்கள் திருச்சி துவாக்குடிப் பக்கம் பெரும்பாலும் எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டிதான். அதில் யூடிக்கு மட்டும் லெவல் ஒன்றுக்கு 40 மணி நேரம், டூவுக்கு இன்னும் ஒரு 40. பத்து நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் அதற்கே சரியாகப் போய்விட்டது. மற்ற நான்கு மெத்தடை எங்கே நடத்துவார்கள், டீ இடைவேளையிலா? இன்னொன்று, அந்த முறையில் ஆளைச் சர்ட்டிபை பண்ணுவது வேலை கொடுக்கிற கம்பெனி. பயிற்சி, பரீட்சை, வேலை அனுபவம், வருஷா வருஷம் கண் பரிசோதனை, எல்லாம் சேர்ந்தால்தான். வெறும் பத்து நாள் பேப்பரால் லெவல் டூ ஆகிவிட முடியாது.

மீனா: கண் பரிசோதனையா? ராத்திரி முழுக்க போன் பார்க்கிறானே!

கார்த்தி: சித்தி...

செல்வம்: யூடி மட்டும் லெவல் ஒன்றிலிருந்து ஒழுங்காகப் படிக்கட்டும். எங்கே சேர்ந்தாலும் எத்தனை பேருக்கு ஒரு மெஷின், உள்ளே குறை வைத்துச் செய்த சாம்பிள் பிளேட் இருக்கிறதா, மேல்நிலைத் தகுதியான லெவல் த்ரீ ஆள் வந்து நடத்துகிறாரா என்று கேளுங்கள். அந்த நோட்டீஸ்காரர்களிடமும் கேளேன் கார்த்தி.

கார்த்தி: கேட்டேன் மாமா. 30 பேருக்கு ஒரு மெஷின். அதுவும் இப்போது சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம், வீடியோவில் காட்டுவார்களாம்.

வாணி: கட்டவில்லை அண்ணா. திங்கட்கிழமை இவனை உங்களிடம் அனுப்புகிறேன், நீங்களே நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

செல்வம்: காலை பஸ்ஸிலேயே வரட்டும்.