கலைச்சொல் உதவி: வெக்கேஷன் ஸ்கீம், டிரெய்னிங் கான்ட்ராக்ட்

வா. (லண்டன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வடமேற்கு லண்டனில் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியில், பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். இங்கிலாந்தின் வணிகச் சட்ட நிறுவனங்களில் பிள்ளைகள் எப்படி வேலைக்குச் சேர்கிறார்கள் என்பதுதான் பொருள். வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு ஆங்கிலச் சொற்கள் தமிழுக்கு வழிவிட மறுக்கின்றன.

ஒன்று வெக்கேஷன் ஸ்கீம். பல்கலைக்கழக விடுமுறையில் ஒன்று முதல் மூன்று வாரம் வரை நிறுவனத்துக்குள் போய் வேலை செய்வது. சம்பளம் உண்டு. சட்டம் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டிலும், வரலாறோ கணிதமோ படிப்பவர்கள் கடைசி ஆண்டிலும் விண்ணப்பிப்பார்கள். கோடைக்கால இடங்களுக்குப் பல நிறுவனங்கள் டிசம்பர், ஜனவரியிலேயே விண்ணப்பத்தை முடித்துவிடும். சில நிறுவனங்கள் விண்ணப்பங்கள் வந்த வரிசையிலேயே இடங்களை நிரப்பிவிடுவதால் கடைசி நாள் வரை காத்திருப்பதும் ஆபத்து.

இரண்டு டிரெய்னிங் கான்ட்ராக்ட். சொலிசிட்டராக, அதாவது இங்கிலாந்தில் ஒரு வகைச் சட்டத் தொழிலராகப் பதிவு பெறுவதற்கு முன் நிறுவனத்தில் செய்யும் ஈராண்டு வேலை. வழக்கமாக ஆறு மாதம் வீதம் நான்கு பிரிவுகளில் இருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் இதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும். எஸ்கியூஇ என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வுக்கான படிப்புச் செலவையும் அவையே கொடுத்துவிடும்.

பழைய கையேட்டில் ‘விடுமுறைத் திட்டம்’, ‘பயிற்சி ஒப்பந்தம்’ என்று இருந்தது. முதலாவதைப் படித்த ஒரு தகப்பன் சுற்றுலா என்று நினைத்து, படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்று மகளைத் தடுத்துவிட்டார். இரண்டாவதைப் படித்த ஒரு தாய் பீஸ் எவ்வளவு என்று கேட்டார். பயிற்சி என்றால் நாம் காசு கட்டிப் போகும் இடம் என்றுதான் நம் வீடுகளில் பழக்கம். ஆகவே சொல்லைக் கேட்டதுமே ‘இது வேலை, சம்பளம் வரும்’ என்று தெரிய வேண்டும்.

புலவர் ந. (தஞ்சாவூர்) எழுதியது:

நல்ல முயற்சி அம்மா. முதல் சொல்லின் உயிர் விடுமுறையில் இல்லை, தேர்வில் இருக்கிறது. இரண்டு வாரம் அருகில் வைத்துப் பார்த்து, இவர் நமக்கு ஆவாரா என்று நிறுவனம் தேர்கிறது. வள்ளுவர் ‘தேறற்க யாரையும் தேராது’ என்றார். தேர்தல் ஆராய்வது, தேறுதல் நம்புவது. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் எண்ணம். இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ‘தேர்முகாம்’ என்று வையுங்கள். வினைத்தொகை. மூன்று காலத்துக்கும் நிற்கும்.

பயில் என்ற வேரையும் விட்டுவிடக் கூடாது. பயில்தல் என்பதற்கு நெருங்குதல், அடர்தல், பலகால் நிகழ்தல் என்றெல்லாம் பழம்பொருள் உண்டு. பலமுறை நெருங்குவதால்தான் ஒன்று பழக்கமாகிறது. பய என்ற அடியிலிருந்து பயன், பயம், பயிர், பயில் அனைத்தும் வந்தன என்பது என் நெடுநாள் கருத்து. பயம் என்றால் அச்சம் அல்ல, பழந்தமிழில் பாலும் நீரும் விளைவும். நிலம் பயப்பது பயிர், மனம் பயப்பது பயில்வு. தனியாக ஒரு மடலில் சான்றுகளோடு எழுதுகிறேன்.

சி. (லண்டன், முன்னாள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்) எழுதியது:

ஐயாவின் அறிவுக்கு வணக்கம். ஆனால் முகாம் வேண்டாம். இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் பாதிக்கு மேல் ஈழத்திலிருந்து வந்தவர்கள். எங்களுக்கு முகாம் என்றால் அகதி முகாம், இராணுவ முகாம். 2009இல் மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்து வந்தவர்களும் அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். ‘உங்கள் மகளை இரண்டு வாரம் முகாமுக்கு அனுப்புங்கள்’ என்று அச்சடித்து அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. அதற்கு மேல், முகாம் அரபு வழி வந்த சொல். தனித்தமிழ் வேண்டும் என்பவர்கள் அதை எப்படி ஏற்கிறீர்கள்?

சொலிசிட்டரை என்ன செய்யப்போகிறீர்கள், வா. தங்கச்சி? வழக்குரைஞர் என்று போட்டால் பொய்யாகிவிடும். வணிக நிறுவனத்துச் சொலிசிட்டர் பலர் நீதிமன்றப் படியே ஏறுவதில்லை. கம்பெனி கைமாறும்போதும் வங்கி கடன் கொடுக்கும்போதும் பத்திரம் எழுதுவதுதான் அவர்கள் வேலை. யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன் காலத்தில் இந்தப் பிரிவு தெளிவாக இருந்தது. புரொக்டர் பிறக்கிராசியார், அட்வகேட் அப்புக்காத்து. ஐரோப்பியர் ஆட்சியோடு வந்து எங்கள் வாயில் தமிழான சொற்கள். 1973ஆம் ஆண்டு நீதி நிருவாகச் சட்டம் இரண்டு பிரிவையும் ஒன்றாக்கியதும் எல்லோரும் சட்டத்தரணி ஆனார்கள். வேறுபாடு போனது, சொல்லும் போனது. சொலிசிட்டருக்குப் பிறக்கிராசியார் என்று போட்டால் எழுபது வயதுக்காரர் எல்லோருக்கும் விளங்கும்.

வா. எழுதியது:

சி. அண்ணை, எழுபது வயதுக்காரர் சரி. என் வாசகர்களுக்கு நாற்பத்தைந்து. சொலிசிட்டரைச் சொலிசிட்டர் என்றே விடுகிறேன். இரண்டு சொல்லுக்கு வாருங்கள்.

மு. (சென்னை) எழுதியது:

நான் மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவன். என் கருத்து நேரானது. பிள்ளை வீட்டில் என்ன சொல்லும்? ‘அப்பா, எனக்கு வெக்கேஷன் ஸ்கீம் கிடைச்சிருக்கு’ என்றுதானே சொல்லும்? அந்தச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டு, கீழே இரண்டு வரி விளக்கம் எழுதினால் போதும். தொல்காப்பியமே ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நாம் ஏன் பூட்ட வேண்டும்?

புலவர் ந. எழுதியது:

தம்பி, அந்த நூற்பா வந்து வழங்கிவிட்ட சொல்லை விலக்காதே என்கிறது. இனிமேல் வரப்போகும் எல்லாவற்றையும் வாரி எடு என்று சொல்லவில்லை. காலத்துப் படுதல் என்பதில் படுதலுக்கு அழுத்தம் கொடுத்துப் படிக்க வேண்டும். பேருந்து என்ற சொல்லைச் சிரித்தவர்கள் இன்று பேருந்தில்தான் போகிறார்கள். முகாமைக் கைவிடுகிறேன். சி. அவர்கள் சொன்னது என்னை வருத்தியது. தேர்வை விட மாட்டேன்.

சி. எழுதியது:

மு. தம்பிக்கு இன்னொரு சிக்கல். ஒலிபெயர்ப்பு என்றால் யாருடைய ஒலி? நீங்கள் கான்ட்ராக்ட் என்பீர்கள், நாங்கள் கொன்ட்ராக்ட் என்போம். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் நிற்கும். ஒரு தமிழ்ச் சொல் இருந்தால் தஞ்சாவூருக்கும் சாவகச்சேரிக்கும் பொதுவாக இருக்கும்.

‘ஒப்பந்தம்’ எனக்குச் சம்மதம். அதை வடசொல் என்று யாராவது கிளப்பும் முன் சொல்லிவிடுகிறேன்: ஒப்பு நம்முடையது, தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் இருக்கிறது. பந்தம் ஒட்டியதா, அந்தம் ஒட்டியதா என்று இங்கே முன்பே ஒரு மாதம் எழுதியாகிவிட்டது.

ஆ. (பர்மிங்காம்) எழுதியது:

வணக்கம். இவ்வளவு நாள் வாசிக்க மட்டும் செய்தேன். எனக்குப் போன ஆண்டு ஒரு இடம் கிடைத்தது. அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், சொல்லை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதலில் விண்ணப்பப் படிவம். ஏன் வணிகச் சட்டம், ஏன் இந்த நிறுவனம் என்று கேட்பார்கள். ஒரே பதிலைப் பெயர் மாற்றி அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் பல இடங்களில் வாட்சன் கிளேசர் என்ற சிந்தனைத் திறன் தேர்வு. ஊகம், உள்ளிருக்கும் எடுகோள், தருக்க முடிவு, பொருள்கோள், வாத மதிப்பீடு என்று ஐந்து பகுதி. சட்ட அறிவு ஒரு துளியும் கேட்க மாட்டார்கள். பிறகு வீடியோ நேர்காணல், அதன் பின் ஒரு முழு நாள் குழுவேலையும் நிறுவனத்தின் பங்காளர்களுடன் பேச்சும். இதெல்லாம் தாண்டினால்தான் அந்த இரண்டு வாரம். அங்கேயும் ஆராய்ச்சிக் குறிப்பு எழுதுவது, ஒரு வழக்கை எடுத்து விளக்குவது என்று வேலை தருவார்கள். கடைசியில் மறுபடி நேர்காணல். பல நிறுவனங்கள் டிரெய்னிங் இடங்களில் பெரும்பகுதியை இந்த வழியில் வந்தவர்களைக் கொண்டே நிரப்புகின்றன. இதைப் பெற்றோரிடம் சொல்லாவிட்டால், ‘கோடையில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சு’ என்று அவர்கள் சொல்லும்போது பிள்ளையிடம் பதில் இருக்காது. என் வீட்டில் நடந்தது அதுதான்.

நாங்கள் பேசும்போது வெக்கேஷன் ஸ்கீமை ‘வாக் ஸ்கீம்’, டிரெய்னிங் கான்ட்ராக்டை ‘டிசி’ என்றுதான் சொல்வோம். அந்த இரண்டையும் எங்காவது அச்சிடுங்கள்.

மு. எழுதியது:

ஆ. சொன்னதைப் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. ‘பயில்பணி’. பணி என்றதும் சம்பளம் தெரிகிறது, பயில் என்றதும் இன்னும் முழு சொலிசிட்டர் ஆகவில்லை என்று தெரிகிறது. இரண்டு சொல்லுக்கும் இதையே அடியாக வைக்கலாம். ‘விடுமுறைப் பயில்பணி’, ‘ஈராண்டுப் பயில்பணி’. ஒன்று மற்றொன்றுக்கு வாசல் என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

புலவர் ந. எழுதியது:

வினைத்தொகை என்பதால் ‘பயில்ப்பணி’ என்று யாரும் வல்லினம் மிகுத்துவிடக் கூடாது. செய்பவரைப் ‘பயிலுநர்’ என்க. பயிலுனர் என்று எழுதுவது பிழை. நர் என்பது பழைய ஈறு. பெறுநர், இயக்குநர், ஓட்டுநர் எல்லாம் அப்படியே. இது குறித்துப் பத்திரிகைகளுக்கு நான் எழுதிய கடிதங்களைத் தொகுத்து வைத்திருக்கிறேன்.

தேர்வு என்ற கருத்து விடுபட்டுவிட்டது என்பதைப் பதிவு செய்கிறேன்.

வா. எழுதியது:

பயிலுநர் அருமை, ஐயா. தமிழ்நாட்டில் பயிற்சியாளர் என்றால் கற்பிப்பவரா கற்பவரா என்றே தெரியாமல் இருக்கும் குழப்பம் இதில் இல்லை. இலங்கையில் அரசுத் தாள்களிலும் பயிலுநர் வழங்குகிறது.

சீட் என்பதற்கு? அந்த ஆறு ஆறு மாதப் பிரிவு. ‘இருக்கை’ என்றால் ரயில் இருக்கை போல இருக்கிறது என்று என் கணவர் சொல்கிறார்.

சி. எழுதியது:

இருக்கையையே வையுங்கள். பயிலுநர் மேற்பார்வையாளரின் அறையிலேயே ஒரு மேசை போட்டு உட்கார்ந்து கற்பதுதான் வழக்கம். புறநானூற்றில் ‘நாண்மகிழ் இருக்கை’ என்றால் அரசன் கூடியிருக்கும் அவை, நாற்காலி அல்ல. ஒரு வேலையின் இடம் என்ற பொருள் பழசுதான்.

ஆனால் ‘ஈராண்டுப் பயில்பணி’யை நான் எதிர்க்கிறேன். காரணம் இலக்கணம் அல்ல, சட்டம். 2021 செப்டம்பரில் எஸ்கியூஇ வந்த பிறகு, ஒருவர் நான்கு இடங்கள் வரை வேலை செய்து அந்த ஈராண்டைச் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். பாராலீகலாக, அதாவது சொலிசிட்டருக்கு உதவும் சட்டப் பணியாளராக வேலை பார்த்ததும் சட்ட உதவி மையத்தில் செய்ததும் சேரும். அதுவும் ஈராண்டு, அதுவும் பயில்பணி. டிரெய்னிங் கான்ட்ராக்டின் தனித்தன்மை எங்கே? ஒரு நிறுவனம் முன்கூட்டியே கையெழுத்திட்டு, ‘உன் ஈராண்டுக்கும் நான் பொறுப்பு’ என்று வாக்குக் கொடுப்பதில்தான். அந்த வாக்குத்தான் ஒப்பந்தம். அதைப் பெயரிலிருந்து வெட்டினால், டிசி கிடைக்காத பிள்ளைக்கு வேறு வழி இருப்பதும் தெரியாமல் போகும், டிசி கிடைத்த பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதும் தெரியாமல் போகும்.

இதற்கு முந்தைய பெயர் ஆர்ட்டிக்கிள்ஸ். 1728ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்தாண்டு எழுத்தராக இருக்க வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்கக் குடும்பம்தான் சொலிசிட்டருக்குப் பணம் கட்டியது. இன்று பணம் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. பெற்றோரின் பீஸ் கேள்விக்கு இந்த ஒரு வரலாற்றையே பதிலாக எழுதலாம்.

மு. எழுதியது:

அண்ணை சொல்வது நியாயம். ‘பயில்பணி ஒப்பந்தம்’ என்றால்?

ஆ. எழுதியது:

‘ஒப்பந்தம்’ என்று தமிழில் கேட்டால் என் அம்மாவுக்கு ஒப்பந்தத் தொழிலாளி ஞாபகம் வரும். நிரந்தரமில்லாத வேலை என்று கவலைப்படுவார். எனக்கு மு. அண்ணா முதலில் சொன்னதே பிடித்திருக்கிறது.

வா. எழுதியது:

வியாழன் காலை ஆகிவிட்டது. வந்த விருப்பங்களைப் பார்த்தேன். ‘விடுமுறைப் பயில்பணி’க்குப் புலவர் ஐயா தவிர எல்லோரும் சம்மதம். இரண்டாவதற்கு மூவர் ‘ஈராண்டுப் பயில்பணி’ என்கிறீர்கள், சி. அண்ணை மட்டும் இல்லை. அதையே போடுகிறேன். ஆனால் அதற்கு அடுத்த வரியிலேயே ‘ஒரு நிறுவனம் முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யும் வேலை’ என்று சேர்த்திருக்கிறேன். பாராலீகல் வழிக்குத் தனிப் பத்தி. வாக் ஸ்கீம், டிசி என்ற இரண்டும் முதல் பக்கத்திலேயே இருக்கும். டிக்கெட் போடும் முன் பிள்ளையைக் கேளுங்கள் என்பதும் தடித்த எழுத்தில் இருக்கிறது. இருக்கை இருக்கையாகவே போகிறது.

சி. எழுதியது:

என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்பில் ‘ஒப்பந்தம்’ திரும்ப வர வேண்டும். பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு நான் வந்து அவர்களிடம் நேரில் கேட்கிறேன், எந்தச் சொல் அவர்களுக்கு விளங்கியது என்று.

புலவர் ந. எழுதியது:

மெய்ப்புப் பார்க்க ஆள் இல்லை என்றால் இன்று மதியத்துக்குள் அனுப்புங்கள் அம்மா. நர், னர் இரண்டையும் நான் பார்த்துத் தருகிறேன். பய என்ற வேர் பற்றிய மடல் நாளை வரும்.