கலைச்சொல்: துப்பாக்கியை ஏந்துவதா, தரிப்பதா, உடன்கொள்வதா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> அமெரிக்க மாநிலச் சட்டங்களில் வரும் ஓப்பன் கேரி (துப்பாக்கியைப் பிறர் கண்ணில் படும்படி கூடவே வைத்திருப்பது), கன்சீல்டு கேரி (மறைத்துக் கூடவே வைத்திருப்பது) இரண்டுக்கும் "வெளிப்படை ஏந்தல்", "மறைவு ஏந்தல்" போதுமே?

போதாது ஐயா. ஏந்துவது கையால் செய்வது. விளக்கை ஏந்துகிறோம், குழந்தையை ஏந்துகிறோம். இடுப்பு உறையில் துப்பாக்கி கிடக்க, இரண்டு கையிலும் மளிகைப் பையோடு நிற்பவர் எதையும் ஏந்தவில்லை. அதையே உருவிக் கையில் பிடித்து அடுத்தவரை மிரட்டினால் பல மாநிலங்களில் அது தனிக் குற்றம். ‘ஏந்தல்’ அந்த இடத்துக்கு வேண்டியிருக்கிறது. இடுப்பில் உறையோடு தொங்குவதை நம்மவர்கள் உடைவாள் என்றார்கள். உருவிய பிறகுதான் அவன் வாளேந்தியவன்.

நான் இருப்பது ஹூஸ்டனில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கடைக்கு அழைத்துப்போனபோது வாசல் கண்ணாடியில் இரண்டு அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. ஒவ்வோர் எழுத்தும் ஓர் அங்குல உயரம், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். டெக்சஸ் சட்டமே அந்த அளவைச் சொல்கிறது. பிரிவு 30.06இன் பலகை, மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு உரிமதாரர் (அதற்கு அரசு உரிமம் பெற்றவர்) உள்ளே வரக்கூடாது என்கிறது. 30.07இன் பலகை, வெளியே தெரியும்படி வைத்திருப்பவருக்கு. "துப்பாக்கிய வச்சிக்கிட்டு வராதேன்னு ஒரு பலகை போதாதா, எதுக்கு ரெண்டு?" என்று அம்மா கேட்டார். அந்த இரண்டையும் தமிழில் பிரித்துச் சொல்ல அப்போது என்னிடம் சொல் இல்லை. அதனால்தான் இந்த இழையில் இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன்.

சென்ற மடலில் நான் தந்த ‘தரிப்பு’ உடலோடு ஒட்டியதற்குப் பொருந்தும். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது சரி: ‘தரிப்பிடம்’ என்றால் அங்கே வண்டி நிறுத்தும் இடம். "வாகனத்தில் துப்பாக்கித் தரிப்பு" என்று எழுதினால் பாதிப் பேருக்குக் குழப்பம். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வாகனம் இங்கே சின்ன விஷயமும் இல்லை. 1998இல் முஸ்கரெல்லோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘கேரி’ என்ற இந்த ஒரே வினைச்சொல்லின் மேல்தான் பிளந்து நின்றது. போதைப்பொருள் குற்றம் செய்யும்போது துப்பாக்கி ‘கேரி’ செய்தால் கூடுதல் தண்டனை என்பது கூட்டரசுச் சட்டம். வண்டியின் முன்பெட்டியில் (முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு அறையில்) பூட்டி வைத்திருந்தது அதில் சேருமா? சேரும் என்றார்கள் 5 நீதிபதிகள். ஆடையிலோ பையிலோ உடம்போடு இருப்பதுதான் ‘கேரி’ என்றது நீதிபதி ஜின்ஸ்பர்க் எழுதிய மறுப்புத் தீர்ப்பு, அவரோடு மூவர். அந்த மறுப்பில் இருந்த விளக்கத்தையே 2008இல், ஆயுத உரிமை பற்றிய ஹெல்லர் வழக்கில் நீதிபதி ஸ்காலியா எடுத்தாண்டார்.

புளோரிடாச் சட்டத்தில் மறைத்த துப்பாக்கிக்கான இலக்கணம், ஒருவர் மேலோ அவர் அருகிலோ, பிறரின் இயல்பான பார்வைக்குப் படாதபடி இருப்பது. ‘மேலோ அருகிலோ’ என்ற இரண்டையும் ஒரே சொல் தாங்க வேண்டும். ‘எடுத்துச்செல்லல்’ என்றால் நடந்தாக வேண்டும். நின்றுகொண்டிருப்பவரும் சட்டத்துக்குள் வருகிறாரே. ‘வைத்திருத்தல்’ வீட்டு அலமாரியில் இருப்பதற்கும் பொருந்திவிடும், அது உடைமை.

ஆகவே ‘உடன்கொள்ளல்’ என்கிறேன். இடுப்பில் இருந்தாலும் பையில் இருந்தாலும் கைக்கெட்டும் முன்பெட்டியில் இருந்தாலும் அது உடன் இருக்கிறது. வெளிப்பட உடன்கொள்ளல், மறைத்து உடன்கொள்ளல். ஆயுத உரிமை பற்றிப் பேசும், அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் வரும் ‘பேர்’ (bear) என்ற ஆங்கில வினைக்கு ‘ஆயுதம் தாங்குதல்’ இருக்கட்டும். ஈழத்தில் ஏற்கெனவே ஊறிய சொல்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. துப்பாக்கியை உடன்கொள்ள வெர்மாண்ட் மாநிலம் ஒருபோதும் உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003இலும் அரிசோனா 2010இலும் டெக்சஸ் 2021இலும் அந்த வழிக்கு வந்தன. ஆதரவாளர்கள் இதைக் ‘கான்ஸ்டிடியூஷனல் கேரி’, அதாவது அரசமைப்பே தந்த உரிமை, என்பார்கள். அதை அப்படியே பெயர்த்தால் ஒரு தரப்பின் வாதம் கலைச்சொல்லுக்குள் புகுந்துவிடும். ‘உரிமமின்றி உடன்கொள்ளல்’ நடந்ததை மட்டும் சொல்கிறது.

கடை வாசல் பலகைகளின் சாரத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: "கைத்துப்பாக்கியை மறைத்து உடன்கொண்டு உரிமதாரர் இங்கே நுழையக்கூடாது." "கைத்துப்பாக்கியை வெளிப்பட உடன்கொண்டு உரிமதாரர் இங்கே நுழையக்கூடாது."

யாழ்ப்பாணத்து நண்பரின் காதுக்கு ‘உடன்கொண்டு’ எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.